அலெகைன் டிஃபென்ஸ்: வெள்ளையில் நடுச்சிப்பாய்களை எப்படிக் காப்பாற்றுவது?

ஈ4_மட்டும் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மாவட்டச் சதுரங்கப் போட்டியில் ஐந்தாவது சுற்றில் தோற்றுவிட்டு வந்து எழுதுகிறேன். தோற்றதைவிட எப்படித் தோற்றேன் என்பதுதான் உறுத்துகிறது.

எனக்கு வெள்ளை. வழக்கம்போல ஈ4, அதாவது ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம். எதிரே இருந்த பையனுக்குப் பதினாலு வயசு இருக்கும். குதிரையை எஃப்6-ல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினான். அலெகைன் டிஃபென்ஸ். ஆட்டம் இப்படிப் போனது (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; முதலில் வெள்ளையின் மூவ், அடுத்து கறுப்பின் மூவ்; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் மூவ்):

1. ஈ4 குதிரை எஃப்6 2. ஈ5 குதிரை டி5 3. சி4 குதிரை பி6 4. டி4 டி6 5. எஃப்4

இந்த இடத்தில் எனக்கு மனசு நிறைந்திருந்தது. சி4, டி4, ஈ5, எஃப்4 என்று நாலு சிப்பாய் வரிசை கட்டி நிற்கிறது. அவனிடம் ஓடிக் களைத்த ஒரு குதிரையைத் தவிர வெளியே ஒன்றும் இல்லை. ஈ5-ல் வெட்டிக்கொண்டோம். 6... குதிரை சி6 7. குதிரை எஃப்3 பிஷப் ஜி4 8. பிஷப் ஈ2.

அவன் பிஷப்பால் எஃப்3 குதிரையை வெட்டினான். நான் ஜி சிப்பாயால் வெட்டினேன். அவன் ராணியால் டி4-ஐ வெட்டினான். ராணிக்கு ராணி போனதும் அவனுடைய குதிரை டி4-ல் வந்து உட்கார்ந்தது. அடுத்து சி2-வில் செக் வைத்து ஏ1 யானையைத் தூக்கப் பார்க்கிறது. பிஷப்பை டி1-க்கு இழுத்தேன், சி4 போயிற்று. பிஷப்பை பி3-க்கு ஏற்றினேன், அதை வெட்டிவிட்டு அடுத்த மூவில் ஈ5-ஐயும் எடுத்துக்கொண்டான். 13 மூவ் முடிந்தபோது என்னிடம் 4 சிப்பாய், அவனிடம் 7.

நடுப்பலகை முழுக்க என்னிடம் இருந்ததே, அது எப்படிப் பாதகமானது? நடுவை நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தூரத்திலிருந்து இடிக்கும் இந்த மாதிரி ஹைப்பர்மாடர்ன் ஓப்பனிங் வந்தால் வெள்ளை என்ன மனசோடு ஆட வேண்டும்? கம்ப்யூட்டர் என்ஜின் காட்டும் மூவ் எனக்கு வேண்டாம். காரணம் வேண்டும்.

---

கறுப்புக்குதிரை | ஞாயிறு, இரவு 10.15

நண்பரே, நான் பன்னிரண்டு வருஷமாகக் கறுப்பில் இதைத்தான் ஆடுகிறேன். நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்த பலரைப் பார்த்திருக்கிறேன். கறுப்பின் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

குதிரையை எஃப்6-ல் வைக்கும்போதே அதை விரட்டுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். விரட்ட வேண்டும் என்பதே எங்கள் ஆசை. முதல் மூன்று மூவிலும் ஒரே குதிரை நகர்கிறது, ஆனால் அது ஒவ்வொரு முறை நகரும்போதும் உங்கள் சிப்பாய் ஒன்று வீட்டை விட்டு வெளியே வருகிறது. குதிரை எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். சிப்பாயால் முடியாது.

உங்கள் ஆட்டத்தில் டி4-தான் ஆணிவேர். அதை எஃப்3 குதிரையும் ராணியும் காக்கின்றன. பிஷப் ஜி4-க்கு வந்ததும் அந்தக் குதிரை எங்கள் கையில். வெட்டியவுடன் டி4-க்கு ராணி மட்டும்தான் காவல். எங்களுக்கோ சி6 குதிரை, டி8 ராணி என்று இரண்டு பேர். ஜி சிப்பாயால் வெட்டாமல் ஈ2 பிஷப்பால் வெட்டியிருந்தாலும் தப்பாது. சி4-ஐக் காத்துக்கொண்டிருந்ததே அந்த பிஷப்தான். அது நகர்ந்ததும் பி6 குதிரை சி4-ஐ எடுத்துவிடும்.

ஆக, நாலு சிப்பாய் முன்னே நிற்கிறது, அதைக் காக்க ஆள் இன்னும் வீட்டில் தூங்குகிறது. எட்டாவது மூவில் உங்கள் நிலைமை அதுதான்.

---

நாலுசிப்பாய் | ஞாயிறு, இரவு 10.48

நாலு சிப்பாய் ஆட்டமே தப்பு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தப்பு ஐந்தாவது மூவில் இல்லை, ஏழாவது மூவில் இருக்கிறது. குதிரைக்கு முன்னால் பிஷப் வர வேண்டும்.

7. பிஷப் ஈ3. இப்போது டி4-க்குக் கூடுதல் காவல். கறுப்பு பெரும்பாலும் 7... பிஷப் எஃப்5 ஆடும். 8. குதிரை சி3 ஈ6, அதன்பிறகுதான் 9. குதிரை எஃப்3. இப்போது பிஷப் ஜி4-க்கு வந்தால் அது ஒரே பிஷப்பை இரண்டாவது தடவை நகர்த்துகிறது. 10. பிஷப் ஈ2, வெட்டினால் ஜி சிப்பாயால் வெட்டுங்கள், ராணி எச்4-ல் செக் வைத்தால் 12. பிஷப் எஃப்2. ஆட்டம் சூடாக இருக்கும், ஆனால் டி4 இலவசமாகப் போகாது.

கறுப்பு 9... பிஷப் ஈ7 என்று அமைதியாக ஆடினால் 10. டி5 என்று உடைக்க வேண்டும். இந்த லைனில் வெள்ளை நிறுத்தி நிதானமாக ஆட முடியாது. நடு நிற்கும்போதே அதை வைத்து அடிக்க வேண்டும். எனக்கு இது பிடித்த ஆட்டம். இடத்தைக் கொடுக்கிறேன் என்று ஒருத்தர் சொன்னால் முழுசாக எடுத்துக்கொள்வதே நியாயம்.

---

பழைய_பலகை | திங்கள், காலை 6.20

காலையில் நடைக்குப் போகும் முன் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்கப்பட்டவன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஈ4, உங்கள் கேள்வி நூறு வருஷத்துக் கேள்வி. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் நிம்சோவிச், ரெட்டி, பிரேயர் முதலிய ஆட்டக்காரர்கள் இதைத்தான் கிளப்பினார்கள்: நடுவைச் சிப்பாயால் நிரப்பினால்தான் நடு நம்முடையதா, தூரத்திலிருந்து காயால் அழுத்தினால் ஆகாதா? 1921-ல் புடாபெஸ்டில் அலெகைன் இந்தக் குதிரை மூவை ஆடினார், பெயர் ஒட்டிக்கொண்டது. 1924-ல் நியூயார்க்கில் அன்றைய உலக சாம்பியன் காபாபிளாங்காவை ரெட்டி வென்றார். எட்டு வருஷமாக யாரிடமும் தோற்காதவருக்கு அது முதல் தோல்வி. அதன்பிறகு இந்தப் பேச்சை யாரும் ஒதுக்க முடியவில்லை.

இப்போது உங்கள் விஷயம். நாலுசிப்பாய் சொன்னது சரியான மூவ்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லைனில் ஒரு மூவ் மறந்தால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே வாரக்கடைசியில் ஆடுகிறவருக்கு, வருஷத்துக்கு மூன்று தடவை வரும் ஓப்பனிங்குக்காக இருபது மூவ் மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்லிக்கொடுப்பது இது: 1. ஈ4 குதிரை எஃப்6 2. ஈ5 குதிரை டி5 3. டி4 டி6 4. குதிரை எஃப்3. அவ்வளவுதான். இரண்டு சிப்பாய், ஒரு குதிரை. டி5 குதிரையை உடனே விரட்டாதீர்கள். அது அங்கே நின்று உங்களுக்கு என்ன கெடுதல் செய்கிறது? சி4 உங்கள் சட்டைப்பையில் இருக்கும் காசு. எப்போது செலவு செய்வது என்பது உங்கள் இஷ்டம். ராஜாவை ஓரமாக ஒதுக்கும் காஸ்லிங் முடித்தபிறகு விரட்டினால் அந்த மூவ் உங்களுக்கு இலவசம், அதற்கு முன்னால் விரட்டினால் சி4-ஐக் காக்கும் வேலை உங்கள் தலையில்.

ஈ5 சிப்பாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை எப்படியாவது கடைசிவரை வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அது எஃப்6 கட்டத்தைக் கறுப்புக் குதிரையிடமிருந்து பறிக்கிறது, அதனால் கறுப்பு ராஜாவின் பக்கம் காவல் குறைவு. அதற்காகத்தான் அது அங்கே நிற்கிறது. அந்த வேலை முடிந்துவிட்டால், அல்லது காப்பாற்றுவது கஷ்டமானால், டி6-ல் வெட்டிவிட்டு இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உலக சாம்பியனுக்கே இது கைநழுவியிருக்கிறது. 1972 ரேக்யவிக் உலக சாம்பியன் போட்டி, 13-வது ஆட்டம். ஸ்பாஸ்கி வெள்ளை, ஃபிஷர் அலெகைன் ஆடினார். 4. குதிரை எஃப்3 ஜி6 5. பிஷப் சி4 குதிரை பி6 6. பிஷப் பி3 பிஷப் ஜி7. இங்கே ஸ்பாஸ்கி குதிரையை டி2-வில் வைத்தார். அப்புறம் எச்3, ஏ4 என்று ஓரத்துச் சிப்பாய்களை நகர்த்தினார். அந்த ஏ4 சிப்பாயே பதின்மூன்றாவது மூவில் பி6 குதிரைக்கு இரையானது. 74 மூவ் போராடித் தோற்றார். ஏழாவது மூவில் குதிரையை ஜி5-ல் வைத்து எஃப்7-ஐ மிரட்டுவது இன்றைக்குப் பலரும் ஆடும் வழி. 7... ஈ6 8. ராணி எஃப்3 ராணி ஈ7 9. குதிரை ஈ4 என்று போகும். கறுப்பு ஜி6 ஆடினால் எஃப்6, எச்6 கட்டங்கள் ஓட்டையாகின்றன. ஸ்பாஸ்கி அந்த ஓட்டையைத் தொடவே இல்லை.

---

ஈ4_மட்டும் | திங்கள், மதியம் 1.05

ஐயா, மிக்க நன்றி. சட்டைப்பைக் காசு மனசில் நின்றுவிட்டது. ஒரு சந்தேகம். 4. குதிரை எஃப்3 வைத்ததும் அவன் பிஷப் ஜி4 ஆடினால் பழைய வலி திரும்ப வராதா? அதே குதிரை, அதே டி4.

---

கறுப்புக்குதிரை | திங்கள், மதியம் 2.30

வராது. இப்போது உங்கள் சி4, எஃப்4 சிப்பாய்கள் வீட்டில் இருக்கின்றன. 5. பிஷப் ஈ2 வைத்துவிடுங்கள். வெட்டினால் பிஷப்பால் வெட்டலாம், காக்க சி4 என்று ஒன்று இல்லவே இல்லை.

நான் கறுப்பில் இரண்டு மாதிரி ஆடுவேன். ஒன்று 5... குதிரை சி6. இது அவசர ஆட்டம், உங்களைத் தப்பு செய்யத் தூண்டும் ஆட்டம். 6. சி4 குதிரை பி6 7. ஈ சிப்பாயால் டி6-ல் வெட்டுங்கள், நான் ஈ சிப்பாயால் திரும்ப வெட்டுவேன். 8. டி5 பிஷப்பால் எஃப்3-ல் வெட்டு 9. பிஷப்பால் வெட்டு, குதிரை ஈ5. இப்போது 10. பிஷப் ஈ2.

பலகையை எடுத்து வைத்து இந்த நிலையைப் பாருங்கள். சி4-ஐ என் இரண்டு குதிரையும் குறி வைக்கின்றன, உங்களிடம் காவல் ஒரு பிஷப் மட்டும். சிப்பாய் போனது என்று தோன்றும். போகாது. நான் ஈ5 குதிரையால் சி4-ஐ வெட்டினால் நீங்கள் பிஷப்பால் வெட்டுங்கள், நான் அடுத்த குதிரையால் வெட்டுவேன், ராணி ஏ4-ல் செக். ஈ8-ல் ராஜா, சி4-ல் குதிரை, இரண்டும் ஒரே ராணியின் வாயில். குதிரை போயிற்று. இந்த ஒரு செக் தெரியாததால் வெள்ளையில் ஆடும் எத்தனையோ பேர் பத்தாவது மூவில் பயந்து பி3 ஆடியிருக்கிறார்கள்.

இரண்டாவது மாதிரி 5... ஈ6. இது நிதானம். இதற்குப் பெரியவர் சொல்லட்டும்.

---

யாழ்_64 | திங்கள், இரவு 8.10

எல்லாரும் ஈ5-ஐ எப்படிக் காப்பது எண்டு பேசுறீங்கள். வெட்டிப்போட்டு விளையாடுறதையும் யோசியுங்கோ. நான் எக்ஸ்சேஞ்ச் லைன்தான் விளையாடுறன்.

3. டி4 டி6 4. சி4 குதிரை பி6 5. ஈ சிப்பாயால் டி6-ல் வெட்டு. கறுப்பு சி சிப்பாயால் வெட்டினால் வொரோனெஷ் எண்டு ஒரு அடுக்கு இருக்கு. ரஷ்யாவில் இருக்கிற வொரோனெஷ் நகரத்து ஆட்டக்காரர் வளர்த்ததால் அந்தப் பேர். 6. குதிரை சி3 ஜி6 7. பிஷப் ஈ3 பிஷப் ஜி7 8. யானை சி1 காஸ்லிங் 9. பி3.

பார்க்கச் சும்மா மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு மூவும் ஜி7 பிஷப்பைப் பார்த்து வைச்சது. யானை ஏ1-ஐ விட்டு விலகினதால் அந்த நீளக் குறுக்குக் கோட்டில் அதுக்கு இரை இல்லை. பி3-யால் சி4 உறுதி. கறுப்பு டி5 தள்ளினால் சி5 தள்ளி பி6 குதிரையை விரட்டலாம். குதிரையை எஃப்3-க்கு வெளியே எடுக்காததால் ஜி4-க்கு வந்து பிஷப் எதையும் கட்டிப்போட ஏலாது. ஈ5 அடிச்சால் ராணியை மாத்திப்போட்டு 12. சி5, 13. பிஷப் சி4 எண்டு இடத்தை எடுத்துக்கொண்டு எண்ட்கேமுக்குப் போகலாம்.

ஒண்டை மறைக்கக்கூடாது. விஷயம் தெரிஞ்ச கறுப்பு ஐந்தாவது மூவில் ஈ சிப்பாயால் வெட்டும். அப்போ வொரோனெஷ் இல்லை. குதிரை சி3, பிஷப் டி3, மற்றக் குதிரையை ஈ2-வில் வையுங்கோ. ஜி4-க்கு பிஷப் வந்தால் எஃப்3 எண்டு விரட்டலாம். வெள்ளைக்கு இடம் கொஞ்சம் கூட, ஆனால் அவசரமாக வெல்ல ஏலாது.

---

நாலுசிப்பாய் | திங்கள், இரவு 9.00

மரியாதையோடு சொல்கிறேன், எதிராளி தருகிற இடத்தை வாங்காமல், இருக்கிற சிப்பாயையும் மாற்றிக்கொண்டு, 60 மூவ் உட்கார்ந்து சின்ன லாபத்துக்கு ஆடுவதென்றால் அதற்கு அவன் அலெகைன் ஆட வேண்டியதே இல்லையே? அவனுக்கு வேண்டியதைக் கொடுத்த மாதிரிதான்.

---

பழைய_பலகை | செவ்வாய், காலை 6.05

நாலுசிப்பாய் தம்பி, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அலெகைன் ஆடுகிறவனுக்கு வேண்டியது நீங்கள் கோபப்படுவது. முதல் மூவிலேயே குதிரையை அப்படி வைத்தால் அதைத் தண்டிக்காமல் விடக்கூடாது என்று வெள்ளைக்கு ஒரு வேகம் வருகிறது. அந்த வேகத்தில் போடும் ஒவ்வொரு மூவும் கறுப்புக்கு வரவு. நாம் தண்டிக்காமல் காயை வெளியே எடுத்துக் காஸ்லிங் செய்தால் கறுப்புக்கு அடிக்க ஒன்றும் அகப்படாது. மிஞ்சுவது நெருக்கடியான இடம் மட்டும்.

உங்கள் லைனை ஆடுகிறவர்கள் அதை உயிராகப் படித்தவர்கள், அது வேறு விஷயம். நீங்கள் அப்படிப் படித்தவர் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஈ4 தம்பி இன்னும் அங்கே வரவில்லை.

இப்போது 5... ஈ6. 6. காஸ்லிங் பிஷப் ஈ7 7. சி4. காசை இப்போது செலவு செய்கிறோம், ராஜா பத்திரமாகிவிட்டது. 7... குதிரை பி6 8. குதிரை சி3 காஸ்லிங் 9. எச்3 பிஷப் எச்5 10. பிஷப் ஈ3. கறுப்பு இங்கே அடிக்கடி 10... டி5 ஆடும். நாம் 11. சி5. பி6 குதிரை தாக்கப்படுகிறது. கறுப்பு உடனே நகர்த்தாது. முதலில் பிஷப்பால் எஃப்3-ல் வெட்டும்.

இந்த இடத்தில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். எதனால் வெட்டுவது? ஈ2 பிஷப்பால் வெட்டினால் சி4 கட்டத்துக்குக் காவல் விட்டுப்போகிறது, குதிரை அங்கே குதிக்கும். ஜி சிப்பாயால் வெட்டினால் பிஷப் ஈ2-விலேயே நின்று சி4-ஐப் பூட்டுகிறது. குதிரைக்கு வேறு வழியில்லாமல் சி8-க்குப் போய் ஒடுங்க வேண்டும். பிறகு எஃப்4 தள்ளி ராஜாப் பக்கம் ஆடலாம். ஆனால் உங்கள் ராஜாவுக்கு முன்னால் கதவு திறந்து கிடக்கும். இரண்டும் ஆடக்கூடியதே. புதிதாகக் கற்பவருக்கு நான் பிஷப் வெட்டைச் சொல்வேன்: 12. பிஷப்பால் வெட்டு, குதிரை சி4 13. பி3 குதிரையால் ஈ3-ல் வெட்டு 14. எஃப் சிப்பாயால் வெட்டு.

ஈ3-லும் ஈ5-லும் இரட்டைச் சிப்பாய். பார்க்க அழகில்லை. ஆனால் டி4-க்கு அடியில் ஒரு கல் வைத்த மாதிரி உறுதி, எஃப் கோட்டில் யானைக்கு வழி, அடுத்து ஈ4 தள்ளி டி5-ஐ அடிக்கலாம்.

இன்னொரு வழி 4... டி6 சிப்பாயால் ஈ5-ல் வெட்டு 5. குதிரையால் வெட்டு. இங்கே கறுப்பு 5... சி6 ஆடுவது மிக உறுதியான முறை. 2008 மொரேலியா-லினாரெஸ் போட்டியில் கார்ல்சன் அலெகைன் ஆடி, வெள்ளையில் இருந்த டோபலோவை வென்றார். ஆகையால் இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். 5... குதிரை டி7 வந்தால் 6. குதிரையால் எஃப்7-ல் வெட்டி, ராஜா வெட்டியதும் ராணி எச்5-ல் செக் வைக்கலாம். ராஜா ஈ6-க்கு ஏறி டி5 குதிரையைக் காக்க வேண்டும், நடுப்பலகையில் திண்டாடும். உலக சாம்பியனோடு மோதுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் 1965 கேண்டிடேட்ஸ் போட்டியில் லார்சன் இந்தக் குதிரை டி7 மூவை ஆடியபோது, காயை வேண்டுமென்றே பலி கொடுத்து அடிப்பதில் பேர்போன தால்கூடப் பலியிடாமல் பிஷப்பை சி4-ல் வைத்தார். நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, மனசு ஒப்பினால் மட்டும் வெட்டுங்கள். இல்லையென்றால் 6. குதிரை எஃப்3, ஒன்றும் கெட்டுப்போகாது.

---

பலகை_அம்மா | செவ்வாய், காலை 11.30

எனக்கு ஆட்டம் அரைகுறைதான், மகளைப் போட்டிகளுக்குக் கூட்டிப்போவதால் படிக்கிறேன். அவளுக்குப் பத்து வயசு. இந்தக் குதிரை வந்தால் சி4, அப்புறம் சி5 என்று விரட்டிக்கொண்டே போவாள், அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சில சமயம் ஜெயிக்கிறாள். தடுக்கலாமா, விடலாமா?

---

பழைய_பலகை | செவ்வாய், மதியம் 12.10

விடுங்கள் அம்மா, தடுக்க வேண்டாம். அதுவும் ஒரு லைன்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவளிடம் கேளுங்கள். சி5 தள்ளியதும் குதிரை மறுபடி டி5-க்கு வருகிறது. இப்போது அதை எந்தச் சிப்பாயால் விரட்டுவாய்? சி சிப்பாய் தாண்டிப் போய்விட்டது. ஈ சிப்பாயும் தாண்டிவிட்டது. அவளே பலகையைப் பார்த்து "இனிமேல் முடியாதே" என்று சொல்வாள். சொன்னபிறகு, அப்படியென்றால் பிஷப் சி4, குதிரை சி3 என்று காயால் அழுத்தச் சொல்லுங்கள். அந்த இரண்டு மூவையும் தாமதிக்காமல் ஆடினால் அவளுடைய சி5 கெட்ட மூவ் இல்லை.

---

கறுப்புக்குதிரை | செவ்வாய், மாலை 5.45

அலெகைனே வேண்டாம் என்றால் 2. குதிரை சி3 ஆடலாம். டி5 அல்லது ஈ5 வரும். ஈ5 வந்தால் வியன்னா ஆட்டம். எனக்கு எதிரே அது வந்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், நான் படித்ததெல்லாம் வீணாகிறது. ஆனால் ஈ4 நண்பர் கேட்டது வேறு. தள்ளிப்போனால் அவருக்கு அந்தக் காரணம் கிடைக்காது.

---

டி4_சென்னை | செவ்வாய், இரவு 9.20

நான் டி4 ஆட்டக்காரன், எங்களுக்கு இந்த வேதனை குருன்ஃபெல்ட் டிஃபென்ஸில் வருகிறது. அங்கேயும் கறுப்பு நடுவை நமக்குக் கொடுத்துவிட்டு ஜி7 பிஷப்பையும் சி5 சிப்பாயையும் வைத்து டி4-ஐ இடிக்கும். சி3 குதிரையை வெட்டிக்கொடுத்து டெம்போ, அதாவது ஒரு மூவ் லாபம், எடுப்பதே அவர்களுக்கு உயிர்மூச்சு. 2012 மாஸ்கோ உலக சாம்பியன் ஆட்டத்தில், கெல்ஃபாண்ட் குருன்ஃபெல்ட் ஆட, மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் என்ன செய்தார் தெரியுமா? 1. டி4 குதிரை எஃப்6 2. சி4 ஜி6 3. எஃப்3. சி3-க்குக் குதிரையை உடனே அனுப்பவில்லை. 3... டி5 4. வெட்டு, குதிரையால் வெட்டு 5. ஈ4. வெட்டிக்கொள்ள சி3-ல் ஆள் இல்லாததால் கறுப்புக் குதிரை பி6-க்குப் போயே ஆக வேண்டும். ஆட்டம் டிராதான். ஆனால் எதிராளி எந்த மாற்றத்தை எதிர்பார்த்து வருகிறானோ அதைக் கொடுக்காதே என்பதை அந்த ஒரு மூவில் பார்த்தேன். பெரியவர் சி4-ஐத் தள்ளிவைக்கச் சொல்வதும் எனக்கு அதே மாதிரித்தான் படுகிறது.

பிர்க் டிஃபென்ஸிலும் இதே கதை. 1999 வெய்க் ஆன் ஸே போட்டியில் காஸ்பரோவ் டோபலோவை வென்ற அந்தப் புகழ்பெற்ற ஆட்டம் பிர்க்தான். எல்லாரும் 24-வது மூவின் யானைப் பலியைப் பேசுவார்கள். தொடக்கத்தைப் பாருங்கள்: பிஷப் ஈ3, ராணி டி2, எஃப்3. ஈ4-க்கும் டி4-க்கும் முதலில் காவல் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

---

ஈ4_மட்டும் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

திரும்ப வந்துவிட்டேன். இன்று ஒரு ரேபிட் போட்டி. நாலாவது சுற்றில் வெள்ளை. எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஈ4-க்குக் குதிரை எஃப்6. எனக்குக் கை சில்லிட்டது.

3. டி4 டி6 4. குதிரை எஃப்3 பிஷப் ஜி4 5. பிஷப் ஈ2 ஈ6. காஸ்லிங் முடிக்கும்வரை சி4-ஐத் தொடவில்லை. ஐயா எழுதிய வரிசையே வந்தது: 10... டி5 11. சி5, வெட்டு, பிஷப்பால் வெட்டு, குதிரை சி4, பி3, ஈ3-ல் வெட்டு, எஃப் சிப்பாயால் வெட்டு. அவர் என் இரட்டைச் சிப்பாயைப் பார்த்துவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். 14... பி6. நான் 15. ஈ4.

அவர் டி சிப்பாயால் ஈ4-ல் வெட்டினார். 16. பிஷப்பால் வெட்டு. பி7 காலியாக இருப்பதால் பிஷப் ஏ8 யானை வரை பார்க்கிறது. 16... சி6 போட்டு அடைத்தார். 17. ராணி டி3. டி4-க்குக் காவல், எச்7-க்கு மிரட்டல், இரண்டும் ஒரே மூவில். 17... ஜி6 18. பி6-ல் வெட்டினேன், ஏ சிப்பாயால் திரும்ப வெட்டினார். அதன்பிறகு யானைகளை எஃப் கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். 34-வது மூவில் எஃப்7 உடைந்தது. அவர் கை கொடுத்துவிட்டு, "சி4-ஐ ஏன் அவ்வளவு லேட்டா ஆடினீங்க?" என்று கேட்டார்.

கடைசி வரைக்கும் டி4-ம் ஈ5-ம் நின்ற இடத்திலேயே நின்றன. எல்லாருக்கும் மனசார நன்றி. ஐயா, ஒரே ஒரு கேள்வி. 15-ல் அவர் வெட்டாமல் உடனே சி6 ஆடியிருந்தால்?

---

நாலுசிப்பாய் | ஞாயிறு, இரவு 8.50

வாழ்த்துகள். 17. ராணி டி3 அருமை. என் லைனையும் ஒருநாள் படியுங்கள், பிஷப் ஈ3 முதலில்.

---

பழைய_பலகை | திங்கள், காலை 6.10

படித்து மனம் நிறைந்தது தம்பி. 15... சி6-தான் கறுப்புக்கு முறையான மூவ், எனவே அடுத்த தடவை அதுவே வரும். 16. பி4 தள்ளி சி5-ஐத் தாங்குங்கள். பி6 சிப்பாயால் சி5-ல் வெட்டு, பி சிப்பாயால் வெட்டு, 17... ராணி ஏ5. உங்கள் சி3 குதிரை தாக்கப்படுகிறது, காக்கத்தான் கை போகும். காக்காதீர்கள். 18. குதிரையால் டி5-ல் வெட்டு, ஈ7 பிஷப் மேல் விழுகிறது. கறுப்பு அதை ஜி5-க்கு நகர்த்தும். அந்த நிலையைப் பலகையில் வைத்து, என்ஜினைத் திறக்காமல், அரைமணி நேரம் பாருங்கள். உங்களுக்குத் தோன்றும் 19-வது மூவை இங்கே எழுதுங்கள், பேசுவோம்.